ஆடுதின்னாப்பாளையும் என் சிறுநீரகமும்

இதை எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுப்பேன். முருகன் படத்துக்கு முன்னால் உட்காருவேன். இரண்டு வரி எழுதியதும் அக்காவின் முகம் வந்து நிற்கும். மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பிழை வருமே என்ற கூச்சமும் உண்டு. ஆனால் பெரிய தயக்கம் வேறு. உள்ளதை எழுதினால் அக்காவைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். உள்ளதை மறைத்தால் எழுதியே பயனில்லை. இப்படியே காலம் போய்விட்டது. இப்போது அக்காவே எழுதச் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்பது கடைசியில் வரும்.

டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி. வலது கை சும்மா இருக்கிறது. உடம்பு அசதியாக இருப்பதால் விட்டுவிட்டுத்தான் எழுத முடிகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் குமரேசன். ஆம்பூரில் ஒரு டேனரியில் டிரம் செக்‌ஷனில் வேலை செய்தேன். டிரம் என்றால் ஒரு அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். தோலையும் குரோம் உப்பையும் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிட்டால் தோல் நீலமாக வெளியே வரும். அதை வாரி இறக்குவது எங்கள் வேலை. கையுறை கொடுப்பார்கள். அது கிழிந்துபோகும், இல்லை வேர்வையில் வழுக்குகிறது என்று நாங்களே கழற்றிவிடுவோம். சில வருடங்களில் விரல் இடுக்கு, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் வெடித்து அரிக்க ஆரம்பித்தது. சோற்றில் கை வைத்தால் ரசம் பட்டு எரியும். என் மனைவி கஸ்தூரி எனக்கென்று ஒரு ஸ்பூன் வாங்கி வைத்தாள். களிம்பு போட்டால் கொஞ்ச நாள் அடங்கும். மறுபடி வரும்.

என் அக்கா பெயர் சம்பூர்ணம். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிறாள். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. நான் ஒருவன்தான் அவளுக்கு. என் கையைப் பார்த்ததும் அவள் அழவில்லை. திட்டினாள்.

"இத இத்தினி நாளு வெச்சிகினு இருந்தியாடா? எங்கால பாரு. சேத்துல நின்னு நின்னு இதவிட மோசமா இருந்துச்சு. இப்ப எங்க இருக்கு, சொல்லு?"

அவள் கால் சுத்தமாகத்தான் இருந்தது. ஆடுதின்னாப்பாளையைக் காய்ச்சிக் குடித்ததாகச் சொன்னாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது தரையோடு படரும் காட்டுச் செடி. கரம்பு நிலத்திலும் ஏரிக்கரையிலும் தானாக வரும். இலை சாம்பல் பூத்த பச்சை, அகலமாக, கறிக்கடையில் தொங்கும் ஆட்டுக் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், அந்த வடிவத்தில் இருக்கும். பூ கருஞ்சிவப்பில் ஒரு சின்னக் குழாய் போல, வாய்ப்பக்கம் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கசக்கினால் குமட்டுகிற வாடை. கசப்பு நாக்கை விட்டுப் போகவே போகாது. ஆடுகூட வாய் வைக்காது, பேரே அதுதான். சொறி, கரப்பான், வயிற்றுப் பூச்சி, விஷக்கடி, பெண்களுக்கு மாதத் தொந்தரவு என்று எங்கள் பக்கம் காலம் காலமாக இதற்குப் பேர் உண்டு.

அக்கா அதைச் சும்மா பறிக்கமாட்டாள். விடிவதற்கு முன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, யாரோடும் பேசாமல் கரைக்குப் போவாள். செடியின் தண்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவாள். கற்பூரம் காட்டுவாள். "உன்னப் பறிக்கப் போறேன், மன்னிச்சிக்கோ, எந்தம்பி நோவ வாங்கிக்கோ" என்று கேட்டுக்கொண்டு பிறகுதான் கை வைப்பாள். நிழலில் காயவைத்து இடித்து, மாதாமாதம் கிருத்திகைக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் அதை முருகன் படத்தடியில் வைத்துத் திருநீறு போட்டு எடுப்பேன். கஸ்தூரி காய்ச்சிக் கொடுப்பாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்.

அரிப்பு குறைந்தது. இதை நான் மறைக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்குள் விரல் இடுக்கு ஆறி, கையால் பிசைந்து சாப்பிட்டேன். நிறுத்தினால் திரும்பிவிடுமோ என்று தொடர்ந்து குடித்தேன். வருடக்கணக்கில் குடித்தேன். யாருக்கும் காசு கொடுக்கவில்லை, எந்தக் கடையிலும் வாங்கவில்லை. சாமி தீர்த்தத்தை யாராவது மருந்து என்று கணக்கு வைப்பார்களா? நானும் வைக்கவில்லை.

பிறகு அசதி வந்தது. முதலில் வேலை அசதி என்று நினைத்தேன். டேனரி மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காரவேண்டும் போல இருந்தது. வாயில் எப்போதும் இரும்பு ருசி. ராத்திரியில் ஒண்ணுக்குப் போக அடிக்கடி எழுந்தேன். ஒரு நாள் கஸ்தூரி என் உள்ளங்கையைத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, கை இன்னாங்க இப்படி வெள்ளையா கீது? ஒடம்புல ரத்தமே இல்லாத மாதிரி."

ஆம்பூரிலேயே ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். ரத்தத்தின் சிவப்பு, அதாவது ஹீமோகுளோபின், இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. கிரியாட்டினின் ஐந்தைத் தொட்டிருந்தது. கிரியாட்டினின் என்பது உடம்பின் கழிவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும். ஐந்து என்றால் சிறுநீரகம் பெருமளவு படுத்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. இருமல் வந்தாலும் முடி கொட்டினாலும் டேனரிமேல் போட்டுவிடுவோம். என் கிட்னிக்கும் அதே தீர்ப்புத்தான் வந்தது. பார்க்க வந்த தொழிலாளிகள், வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், யாருக்குமே சந்தேகம் வரவில்லை. குரோம் உள்ளே இறங்கிவிட்டது, பாலாற்றுத் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன். கஸ்தூரி குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள்.

அக்கா சேதி கேட்டதும் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். மடியில் இரண்டு பொட்டலம்.

"விஷம் உள்ள எறங்கிடுச்சுன்னா விஷத்த முறிக்கறது நம்ம கையில தானே கீது? இனிமே காலைல ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர். ஏமாத்தாம குடி."

நல்ல கேன் தண்ணீரில் காய்ச்சி இரண்டு வேளையும் குடித்தேன். தோல் ஊரில் பிறந்து, டேனரி விஷத்துக்குப் பயந்தவன் மட்டும்தான் இப்படி ஒரு காரியத்தைச் செய்வான்.

வேலூர் ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்தால் பாதிப்பேர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். ரயிலில் இரண்டு நாள் வந்து, லாட்ஜில் தங்கி, ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். பலகையில் டோக்கன் எண் மாறுவதையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்போம். பாஷை தெரியாது. ஆனால் கவருக்குள் இருந்து ரிப்போர்ட்டை எடுத்து, படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே வைப்பது எல்லாருக்கும் ஒன்றுதான். நானும் அதைத்தான் செய்தேன். பில்லைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கஸ்தூரியின் காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது என்று சொன்னால் போதும்.

என்னைப் பார்த்தது ஒரு இளவயது டாக்டரம்மா. நாட்றம்பள்ளிப் பெண். ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் சுருங்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு ரிப்போர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு ரத்தத்துல சர்க்கரை இல்ல. ஆனா யூரின்ல சர்க்கரை ஒழுகுது. பிரஷரும் பெரிசா இல்ல. ரத்தம் மட்டும் இவ்ளோ கம்மியா இருக்கு. கணக்கு ஒத்து வரல. வலி மாத்திரை நெறைய போடுவீங்களா?"

"இல்ல மேடம்."

"நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம்?"

"அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது மேடம். நான் கிருத்திகை விரதம் இருக்கறவன்."

"விரதத்துக்கும் லேகியத்துக்கும் இன்னாங்கய்யா சம்பந்தம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முருகன் சாட்சியாக, நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்குள் அக்காவின் தழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பயாப்ஸி செய்யவேண்டும் என்றார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் நூல் அளவு சதை எடுத்துப் பார்ப்பது. குப்புறப் படுக்கவைத்து, முதுகை மரக்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வலி அவ்வளவு இல்லை. பிறகு மல்லாந்து அசையாமல் கிடக்கவேண்டும், உள்ளே ரத்தம் கசியக்கூடாது என்பதற்காக. அதுதான் பேஜார். கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன். சில சமயம் பேர் பாதியில் நின்றுவிடும். பயம்தான். கஸ்தூரி கால்பக்கம் உட்கார்ந்து என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தால் நான் புரண்டுவிடுவேனாம்.

மறுநாள் காலை டாக்டரம்மா சுற்றி வரும்போது கஸ்தூரி எனக்குப் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலருகில் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாம்மா இந்த வாடை?"

"எங்க அண்ணி குடுத்தனுப்பின தீர்த்தம் மேடம்."

"எந்தக் கோயிலு?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள்.

"கோயில் இல்ல மேடம்," என்றேன். "தழைத் தண்ணி. டேனரி விஷத்த எடுக்கும்னு எங்கக்கா..."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. எந்தத் தழை என்று கேட்டார். எத்தனை வருடமாக என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது இறுகிவிட்ட பிறகும் திருகினார்.

"இனிமே ஒரு சொட்டு வேணாம். இதப் பறிக்கறவங்க இங்க வர முடியுமா? செடி ஒண்ண வேரோட எடுத்தாரச் சொல்லுங்க. அதுதானான்னு நான் கண்ணால பாக்கணும்."

கஸ்தூரி போனில், "டாக்டரம்மா செடியப் பாக்கணுமாம் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நானும் வாங்கிப் பேசவில்லை.

அக்கா மறுநாள் வந்தாள். தலைக்குக் குளித்து, பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஈரத் துணியில் சுற்றிய மூட்டை. ஒரு செடி கேட்டதற்கு ஒரு கூடை கொண்டுவந்துவிட்டாள். வாசல் காவலாளி தடுத்தபோது, "டாக்டரம்மாவே கேட்டனுப்பிக்கிறாங்கப்பா. இங்க கெடைக்காதாம்" என்று சொன்னாளாம். வார்டில் நுழைந்ததும் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு, எவ்வளவு தூளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்ததை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். செடியை வாங்கி இலையையும் பூவையும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். இந்தச் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் சின்னச் சின்னக் குழாய்கள் உண்டு, உடம்புக்கு வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்வது அவற்றின் வேலை. இந்த அமிலம் அந்தக் குழாய்களை அழித்துத் தழும்பாக்கிவிடும். அதனால்தான் ரத்தத்தில் சர்க்கரை இல்லாதபோதே சிறுநீரில் ஒழுகியது. பயாப்ஸியிலும் அந்தத் தழும்புதான் தெரிகிறது. வலிக்காது, காய்ச்சல் வராது, தெரியும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

அக்கா முழுவதும் கேட்டாள்.

"ஏம்மா, இது விஷத்த முறிக்கறதும்மா. பாம்பு கடிக்கே குடுப்பாங்க."

"குடுப்பாங்கம்மா. ஆனா பாம்பு கடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்."

"நான் பச்சையா குடுக்கலியே. காய்ச்சித்தானே குடுத்தேன்."

"காய்ச்சினாலும் அது போவாது."

"அவனுக்கு அரிப்பு போச்சே."

"போயிருக்கலாம்மா. நான் இல்லன்னு சொல்லல. தோல் ஆறிச்சு, உள்ள இது கெட்டுச்சு. ரெண்டும் ஒரே தழைதான்."

"நானுந்தான் குடிக்கறேன். எனக்கு இன்னா ஆச்சு?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களுமா? எவ்ளோ நாளா? அப்ப இன்னிக்கே உங்களுக்கும் ரத்தம் எடுத்துடலாம்."

அக்கா எழுந்துவிட்டாள். மூட்டையைச் சுருட்டினாள்.

"டேனரிக்காரங்கள ஒண்ணும் சொல்ல வாய் வராது உங்களுக்கு. கேக்க ஆளில்லாத செடி, அதுமேல பழியப் போடறீங்க."

"டேனரிய நான் விடலம்மா. அவர் தோலுக்கு அதுதான் காரணம். கிட்னிக்கு இது."

அக்கா என்னைப் பார்க்காமலே போய்விட்டாள். மேஜையில் ஈரத் துணியின் தடம் மட்டும் இருந்தது. டாக்டரம்மா தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

தழையை நிறுத்தியும் என் சிறுநீரகம் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் மூச்சு வாங்கியது, விக்கல் நிற்கவில்லை, வாந்தி. கழுத்தில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ் நடந்தது. டயாலிசிஸ் என்றால், உடம்பு ரத்தத்தை மிஷினுக்குள் அனுப்பிக் கழுவித் திருப்பி விடுவது. பிறகு இடது கையில் ஃபிஸ்டுலா செய்தார்கள். இரண்டு ரத்தக் குழாயை உள்ளே சேர்த்துத் தைத்து, ஊசி போடத் தோதாகப் பெரிதாக்குவது. அந்த இடத்தில் காதை வைத்தால் வண்டு இரைவதுபோல் கேட்கும். அந்த இரைச்சல் நின்றால் ஆபத்து. அதனால் காலையில் எழுந்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாமி கும்பிடுகிறேன்.

வேலை போய்விட்டது. வாழ்க்கை மிஷினுக்குப் போகிற நாள், போகாத நாள் என்று ஆனது. தண்ணீர் அளந்துதான் குடிக்கவேண்டும். கஸ்தூரி என் எதிரில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். தாகமே இல்லாதவள் போல நடமாடுவாள். சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டுச் சத்தமில்லாமல் குடிப்பது எனக்குத் தெரியும். காய்களை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைப்பாள். பொட்டாசியம் என்ற உப்பு எனக்குச் சேரக்கூடாது, இதயத்தை நிறுத்திவிடும். ருசி முழுக்கச் சாக்கடையில் போகும். அதே சக்கையைத்தான் அவளும் சாப்பிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ரஹீம் பாய். ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சர்க்கரையில் கிட்னி போனவர். மிஷின் ஓட ஆரம்பித்ததும் டிபன் பாக்ஸைத் திறப்பார். பிரியாணி வாசனை வார்டு முழுக்க அடிக்கும்.

"இன்னா தோஸ்த், மூஞ்சி தொங்குது? ஒரு வாய் சாப்டு. இப்ப சாப்டா மிஷினு கழுவி உட்டுடும். சம்பந்தி வூட்லகூட இந்த உபசாரம் கெடைக்காது."

நான் அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் பாக்ஸை மூடினார்.

"எங்க வூட்ல ஓதின தண்ணில ஏதோ சூரணம் கலந்து அம்மா குடுப்பாங்க. டாக்டரு கேட்டா நானும் தண்ணின்னுதான் சொல்லிக்கிறேன். நமக்கு மருந்துன்னா கடைல வாங்கறதுதான். ஊட்ல குடுக்கறது மருந்தா?"

எனக்கு மிஷினைவிடப் பெரிய கவலை அக்கா இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது. போன் செய்தால் எடுக்கமாட்டாள். எடுத்தால், "நல்லா கீறியா? சரி" என்று வைத்துவிடுவாள். கஸ்தூரி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் தழைத் தண்ணீர் கொதிக்கிறது என்றாள். டாக்டரம்மா சொன்னதைத் திரும்பச் சொன்னதற்கு, "அவன் கெட்டது டேனரியால. என்னக் கெடுக்க எது கீது?" என்றாளாம். வலி இல்லாத வியாதியை எதைக் காட்டி நம்பவைப்பது? கிருத்திகை தோறும் எனக்காக வேண்டிக்கொள்வதை விட்டுவிட்டு, அவள் ரத்தம் கொடுக்க வரவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

முருகன் வேறு வழியில் அழைத்துவந்தான். வீட்டில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று டாக்டர்கள் கேட்டார்கள். கஸ்தூரி முன்வந்தாள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு சிறுநீரகம்தான் வேலை செய்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் அழுதுகொண்டே அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். விடிந்ததும் அக்கா வார்டு வாசலில் நின்றாள். மாதக்கணக்கில் பேசாதவள், என்னிடம் பேசாமல் நேராக டாக்டரம்மாவிடம் போனாள்.

"என்னுத எடுத்து அவனுக்கு வைங்க. ரெண்டையும் எடுத்தாலும் சரி."

"அதுக்கு முன்னாடி டெஸ்ட்டு எல்லாம் பண்ணணும்மா."

"எடுங்க. எத்தினி ரத்தம் வேணுமோ எடுங்க."

உண்மையைச் சொல்கிறேன். அவள் சிறுநீரகத்தை நான் விரும்பவில்லை. தனக்காகக் கொடுக்காத ரத்தத்தை எனக்காகக் கொடுக்கிறாளே என்பதற்காகத்தான் சரி என்றேன். அவள் கையில் ஊசி இறங்கியபோது கண்ணை மூடி முருகனுக்கு நன்றி சொன்னேன். அதே நிமிடத்தில், ஒன்றும் இருக்கக்கூடாதே என்றும் வேண்டினேன். நன்றியும் வேண்டுதலும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன, ஒன்றும் இல்லை என்று வந்தால் அவள் தழையை விடமாட்டாளே.

ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா பழைய அறைக்கே கூப்பிட்டார்.

"அம்மா, நீங்க குடுக்க முடியாது."

"வயசாயிடுச்சுன்னா? எனக்குத் தெம்பு கீது. இன்னும் நடவுக்குப் போறேன்."

"வயசில்லம்மா. உங்களுதே பாதிக்குமேல வேலை செய்யல. இவருக்கு வந்ததேதான்."

அக்கா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு வலிக்கவே இல்லியே."

"இவருக்கும் வலிக்கலம்மா."

அக்கா கேட்டாள். "நான் அவனுக்கு முன்னேர்ந்து குடிக்கறேன். அப்ப அவனுக்கு ஏன் மிஷினு, எனக்கு இல்ல?"

"ரெண்டு பேரும் ஒரே அளவா குடிச்சீங்க?"

"பறிச்சதுல முக்காவாசி அவனுக்கு. இடிச்சி சலிச்சப்புறம் மிஞ்சற கப்பிய நான் போட்டுக்குவேன்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை விலக்கிவிட்டு, "நல்லதுன்னுதாம்மா ஜாஸ்தியா குடுத்தேன்," என்றாள்.

இடது கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஃபிஸ்டுலாமேல் பட்டது.

"இன்னாடா இது, உள்ள வண்டு மாதிரி கத்துது?"

"அதான்க்கா என்ன ஓட்டிகினு கீது."

அவள் ஊருக்குப் போகிறவரை அந்தக் கையை விடவில்லை. அன்றோடு தழையை நிறுத்தினாள். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று இருக்கிறாள். இன்னும் மிஷினுக்கு வரவில்லை. வராமலே இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் பிரார்த்தனை. இந்தத் தழை நின்ற பிறகும் பல வருடம் கழித்து மூத்திரப் பாதையில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டாம். அதனால் நாங்கள் இருவரும் தவறாமல் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகிறோம். சிறுநீரில் சிவப்புக் கண்டால் உடனே வரச்சொல்லியிருக்கிறார்கள்.

என் மனது கேட்காமல் ஒரு சித்த மருத்துவரிடமும் விசாரித்தேன். படித்துப் பட்டம் வாங்கியவர். "இத உள்ளுக்கு நான் யாருக்கும் குடுக்கறதில்லீங்க. புண்ணு மேல பூசறதுக்கும் வேற நல்ல தழை கீது," என்றார். எங்கள் மருத்துவமே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. இந்தத் தழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யாரிடம் எதற்காகப் போனாலும், கடையில் வாங்கியது, வீட்டில் காய்ச்சியது, சாமி படத்தடியில் வைத்து எடுத்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கேட்கிறவர் மருந்து என்று கேட்டாலும், நீங்கள் வாய்க்குள் போவதை எல்லாம் சொல்லுங்கள்.

ரஹீம் பாயின் கட்டிலில் இப்போது வேறு ஒருவர் படுத்திருக்கிறார். ஒரு நாள் பாய் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. நர்ஸிடம் நான் கேட்கவில்லை. பிரியாணி வாசனை இல்லாத வார்டில் நேரம் நகரமாட்டேன் என்கிறது.

இனி, அக்கா ஏன் எழுதச் சொன்னாள் என்பது. அவள் தெருவில் ஒரு பெண், கைக்குழந்தைக்குக் கரப்பான் என்று தழை கேட்டு வந்திருக்கிறாள். அக்கா கூடாது என்றிருக்கிறாள். "உன் தம்பிக்குன்னா மூட்டை மூட்டையா கட்டினு போன. எம்புள்ளைக்கு ஒரு புடி கெடையாதா?" என்று அவள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் அவளே ஏரிக்கரைக்குப் போவதை அக்கா பார்த்திருக்கிறாள். பின்னாலேயே ஓடிப்போய்க் கையிலிருந்து பிடுங்கிப் போட்டிருக்கிறாள். தெருவே கூடிவிட்டது. அன்று சாயந்தரம் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, எழுது. வாயால சொன்னா கருமின்னு நெனைக்கறாங்க. எம்பேரப் போட்டே எழுது. ஊருபேரு மட்டும் வேணாம், ஊர்ப் புள்ளைங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க."

போன ஆடிக் கிருத்திகைக்கு நான் அவள் ஊருக்குப் போயிருந்தேன். விடியலில் என்னையும் கரைக்குக் கூட்டிப்போனாள். வழியில் பேசவில்லை. ஒரு செடிக்கு முன்னால் உட்கார்ந்து, மடியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்துத் தண்டில் காப்புக் கட்டினாள். கற்பூரம் காட்டினாள். அவள் கை செடிப்பக்கம் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"வா, போலாம்."

"இன்னாக்கா வேண்டிகின?"

"எப்பவும் கேக்கற மன்னிப்புதான். அப்பல்லாம் பறிக்கறதுக்காகக் கேட்டேன். இன்னிக்கு சும்மா கேட்டேன்."

யாரோ ஓட்டிவந்த ஆடுகள் சுற்றியுள்ள புல்லை எல்லாம் மேய்ந்துவிட்டு, நூல் கட்டிய செடியைத் தாண்டிப் போயின.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் எழுதியது எழுதியபடியே போகட்டும். வேறு தழைகளின் பெயரையும் சேர்த்து எல்லாமே விஷம் என்று ஆக்காதீர்கள். அரிப்பு குறைந்தது என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அதை எடுத்தால், குடித்துக் குணம் கண்டவர்கள் மற்றதை நம்பமாட்டார்கள். அக்கா காப்புக் கட்டி, மன்னிப்புக் கேட்டு, பறித்ததில் முக்காவாசியை எனக்குக் கொடுத்தாள் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நான் ஏன் குடித்தேன் என்பது யாருக்கும் விளங்காது.